ஒரு தொழில், இரண்டு சங்கங்கள்: பொழுதுபோக்குச் சிகிச்சைத் துறையில் ஒத்துழைப்பு நடந்த விதம்

பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துபோன ஒருவருக்குச் சீட்டாடச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான். சீட்டைப் பிரிக்க விரல்கள் வேலை செய்ய வேண்டும். யார் என்ன போட்டார்கள் என்று நினைவில் வைக்க வேண்டும். தோற்றால் கோபப்படாமல் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். இவற்றையெல்லாம் திட்டமிட்டு, அளந்து, நோயாளியின் கோப்பில் எழுதிவைப்பவரை அமெரிக்காவில் ரெக்ரியேஷன் தெரபிஸ்ட் என்கிறார்கள். பொழுதுபோக்குச் சிகிச்சையாளர் என்று வைத்துக்கொள்வோம். மனநல மருத்துவமனைகள், மறுவாழ்வு மையங்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், நகராட்சிப் பூங்காத் துறைகள் என்று பல இடங்களில் இவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையில் சின்னத் தொழில். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் அண்மைக்காலக் கணக்குப்படி நாடு முழுக்க இருபதாயிரத்துக்கும் குறைவான வேலைகள்தான். பிசியோதெரபிஸ்டுகளின் வேலைகளோ இரண்டு லட்சத்தைத் தாண்டும். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். இவ்வளவு சிறிய கூட்டம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு தேசியச் சங்கங்களாகப் பிரிந்து நின்றது. ஆனால் அந்தச் சங்கங்கள் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கவில்லை. சில காரியங்களில் கைகோத்தன, சிலவற்றில் முகம் திருப்பிக்கொண்டன. எதில் சேர்ந்தார்கள், எதில் சேரவில்லை என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வெளியிலிருந்து யாராவது "உங்களில் தகுதியானவர் யார், யார் கையெழுத்துப் போட்டால் செல்லும்?" என்று கேட்கும்போது சேர்ந்துகொள்வார்கள். "நாம் யார்?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும்போது பிரிந்துவிடுவார்கள்.

கதை இரண்டாம் உலகப் போருக்குப் பின் சூடுபிடிக்கிறது. போர்க்காலத்தில் ராணுவ மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊழியர்கள் பாட்டு, விளையாட்டு, கைவேலை என்று நடத்தினார்கள். போர் முடிந்ததும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பெருகின. மாநில மனநல மருத்துவமனைகளிலும் இந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலை வந்துவிட்டது, ஆட்களும் வந்துவிட்டார்கள். அந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெளிவாக இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றல்ல, மூன்று அமைப்புகள் முளைத்தன. 1949-இல் அமெரிக்க ரெக்ரியேஷன் சொசைட்டிக்குள் மருத்துவமனைப் பிரிவு ஒன்று உருவானது. பொழுதுபோக்கு என்பது எல்லோருக்கும் உரியது, நோயாளியும் மனிதன்தான், படுக்கையில் இருப்பதால் அவனுடைய விளையாட்டும் சந்தோஷமும் பறிபோகக் கூடாது என்பது இவர்களின் எண்ணம். 1950களின் தொடக்கத்தில் தேசிய ரெக்ரியேஷன் தெரபிஸ்டுகள் சங்கம் வந்தது. இதில் மனநல மருத்துவமனைகளிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இருந்தவர்கள் அதிகம். பொழுதுபோக்கு ஒரு கருவி, நோயைச் சரிசெய்வதுதான் குறி என்றார்கள் இவர்கள். மூன்றாவது, உடற்கல்வி ஆசிரியர்களின் பெரிய சங்கத்துக்குள் 1952-இல் தொடங்கிய ஒரு பிரிவு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர்களின் கண்ணோட்டம் அதில் மேலோங்கியது.

முதல் இரண்டு தரப்பின் கருத்து வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வருடங்களுக்கு இந்தத் துறையில் நடந்த எல்லாப் பிரிவும் இந்த ஒரே கேள்வியில் வந்து நிற்கும். விளையாட்டே பலனா, அல்லது விளையாட்டின் மூலம் வேறொரு பலன் வர வேண்டுமா?

1953-இல் மூன்றும் சேர்ந்து மருத்துவமனைப் பொழுதுபோக்கு மேம்பாட்டுக் கவுன்சில் ஒன்றை அமைத்தன. கொள்கையில் சமரசம் செய்துகொண்டு உருவாக்கிய கவுன்சில் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கேள்வியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, யாரைத் தகுதியானவர் என்று ஏற்பது என்ற வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1956-இல் தேசிய அளவில் விருப்பப் பதிவு முறை தொடங்கியது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பியவர் பதிந்துகொள்ளலாம். ஆனால் ஆள் எடுக்கும் மருத்துவமனை நிர்வாகிக்கு அதுவரை கையில் எதுவுமே இல்லை. இப்போது ஒரு பட்டியல் கிடைத்தது. கொள்கையில் ஒத்துப்போகாத மூன்று சங்கங்கள் ஒரு படிவத்தில் ஒத்துப்போயின. இந்தத் துறையில் பிற்காலத்தில் வெற்றி பெற்ற கூட்டு முயற்சிகள் பலவும் இதே மாதிரியில்தான் நடந்தன.

1965-இல் பூங்கா, பொழுதுபோக்குத் துறைகளில் இருந்த ஐந்து தேசிய அமைப்புகள் ஒன்றாகி தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்கா சங்கம் ஆனது. சுருக்கமாக என்ஆர்பிஏ. உயிரியல் பூங்காக்காரர்கள்கூட அந்த இணைப்பில் இருந்தார்கள். அந்த அலையில் அடுத்த ஆண்டே மருத்துவமனைப் பிரிவும் தெரபிஸ்டுகள் சங்கமும் இணைந்து, என்ஆர்பிஏவின் ஒரு கிளையாக தேசியச் சிகிச்சைப் பொழுதுபோக்குச் சங்கம் பிறந்தது. அதன் சுருக்கம் என்டிஆர்எஸ். பதிவு முறையும் அதன் கைக்கு வந்தது.

பெரிய சங்கத்தின் கிளையாக இருப்பதில் லாபம் உண்டு. அலுவலகம், ஊழியர்கள், ஆண்டு மாநாடு, வாஷிங்டனில் பேச ஆள், ஆய்விதழ் வெளியிட வசதி எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். விலையும் உண்டு. தாய்ச் சங்கத்தின் முதல் கவலை பூங்கா. நகராட்சி நிதி, மைதானப் பராமரிப்பு, நிலம் வாங்குதல் என்று அதன் பட்டியல் போகும். மருத்துவமனையில் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் ஒருவரின் பிரச்சினை அந்தப் பட்டியலில் எவ்வளவு மேலே வந்துவிட முடியும்? சங்கத்தின் பெரும்பான்மை தன்னைச் சுகாதாரத் துறையாகவே நினைக்காதபோது, சுகாதாரத் துறையில் இடம் கேட்கும் சிறுபான்மை என்ன செய்யும்? இணைப்பு நடந்தபோதே விழுந்த விரிசல் இது. வெளியே தெரிய இன்னும் பதினெட்டு வருடங்கள் ஆயின.

அதற்கு முன் இன்னொரு பிரிவு நடந்தது, நல்ல பிரிவு. ஒரு சங்கமே தன் உறுப்பினர்களுக்குத் தகுதிச் சான்றிதழும் கொடுத்தால் சந்தா வாங்கிக்கொண்டு சான்றிதழ் விற்பதாகத்தான் வெளியார் பார்ப்பார்கள். அதனால் 1981-இல் சான்றிதழ் வேலையைத் தனியாகப் பிரித்து, சுதந்திரமான ஒரு தேசியச் சான்றளிப்புக் கவுன்சிலை உருவாக்கினார்கள். என்சிடிஆர்சி என்று அழைக்கப்படுவது இதுதான். 1990-இல் அதன் முதல் தேசியத் தேர்வு நடந்தது. இன்றைக்கும் பட்டப்படிப்புப் பாதையில் வருபவர் தொடர்ச்சியாகக் குறைந்தது 14 வாரம், மொத்தம் 560 மணி நேரம், சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் களப்பயிற்சி முடித்தால்தான் தேர்வு எழுத முடியும். சான்றிதழை ஐந்து வருடச் சுழற்சியில் புதுப்பிக்க வேண்டும். கனடாவில் இருப்பவர்களும் இந்தச் சான்றிதழை எடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் உண்மையான இணைப்பு நடந்தது இங்கேதான். சங்கங்கள் பிரிந்தாலும் தேர்வு ஒன்றாகவே இருந்தது. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும், எதற்குமே கட்டாவிட்டாலும், பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் ஒன்றுதான். இரண்டு சங்கங்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் இருந்திருந்தால் எந்த மருத்துவமனையும் எந்த மாநில அரசும் இவர்களைச் சீரியஸாக எடுத்துக்கொண்டிருக்காது.

சரி, பிரிவுக்கு வருவோம். 1982-இல் என்டிஆர்எஸ் தன் தத்துவ நிலைப்பாட்டை ஏற்றுக்கொண்டது. உடல், மன, சமூக ரீதியான தடைகள் உள்ள ஒருவர் தனக்கேற்ற ஓய்வுநேர வாழ்க்கையை அமைத்துக்கொள்ளவும், காத்துக்கொள்ளவும், வெளிப்படுத்தவும் உதவுவதே இந்தச் சேவையின் நோக்கம் என்றது அது. அதற்கு மூன்று படிகள்: சிகிச்சை, ஓய்வுநேரத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தல், பொழுதுபோக்கில் பங்கேற்பு. சிகிச்சை அதில் இருக்கிறது, ஆனால் முதல் படியாக மட்டும். போய்ச் சேரும் இடம் நல்ல ஓய்வுநேர வாழ்க்கை.

மருத்துவமனைக்காரர்களுக்கு இது இடித்தது. காப்பீட்டு நிறுவனத்திடம் போய் "இவருக்கு நல்ல ஓய்வுநேர வாழ்க்கை அமைத்துக் கொடுத்தோம், பணம் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. நடக்கும் தூரம் கூடியது, பதற்றம் குறைந்தது, வெளியேறிய பிறகு தனியாகப் பஸ் ஏறத் தெரிந்தது என்று காட்டினால்தான் காசு. அதிலும் 1983-இல் மெடிகேர், அதாவது முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு, மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையையே மாற்றியது. ஆன செலவைத் திருப்பித் தருவதை விட்டுவிட்டு, நோயின் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகையை நிர்ணயித்தது. அதோடு நாட்டின் மருத்துவமனைகள் எல்லாம் செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தன. கணக்கைப் புரட்டுபவரின் கண்ணில் முதலில் படுவது, பலனை எண்ணில் காட்ட முடியாத துறைதானே.

1984-இல் சிலர் தனியாக வந்து அமெரிக்கச் சிகிச்சைப் பொழுதுபோக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் சுருக்கம் ஏடிஆர்ஏ. 1987-இல் வெளியிட்ட வரையறையில் அது செயல்திறனை மீட்பதையும் மேம்படுத்துவதையும் முன்னால் வைத்தது. ஓய்வுநேரம் மறைந்துவிடவில்லை, வரிசை மாறியது.

இதை வெறும் நாற்காலிச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்காலி ஆசை எந்தச் சங்கத்தில்தான் இல்லை? ஆனால் இங்கே இரு தரப்பும் தத்தம் வேலையிடத்தைப் பொறுத்தவரை சரியாகவே பேசினார்கள். நகராட்சிப் பூங்காத் துறையில் ஒரு நீச்சல் வகுப்பை நடத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் பார்வையற்ற சிறுவன் நோயாளி அல்ல. அவனுக்கு எந்தச் செயல்திறனையும் மீட்டுத்தர வேண்டியதில்லை, மற்றப் பிள்ளைகளோடு தண்ணீரில் குதிக்க வழி இருந்தால் போதும். அது அவன் உரிமை. 1990-இன் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்ததும் பூங்காத் துறைகளுக்கு அது சட்டக் கடமையும் ஆனது. அதே நீச்சலை முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு மருத்துவமனைக் குளத்தில் சொல்லிக்கொடுப்பவர் தோள்பட்டையின் வலுவை அளந்தாக வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே வாக்கியத்தில் நோக்கம் எழுதச் சொன்னால் யாராவது ஒருவர் அதிருப்தியாகத்தான் எழுந்துபோவார்.

பிரிந்த பிறகுதான் ஒத்துழைப்பு தேவைப்பட்டது, நடக்கவும் செய்தது. இரண்டு சங்கங்களுக்கும் ஒரே நேரத்தில் சந்தா கட்டியவர்கள் இருந்தார்கள். கூட்டுக் குழுக்கள் அமைந்தன. நிர்வாகிகள் சேர்ந்து உட்கார அலையன்ஸ் ஃபார் தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன் என்றொரு மேடையும் ஏற்பட்டது. இந்தக் கூட்டு வேலைகளின் மையத்தில் அடிக்கடி இருந்தது அரசாங்க விதி.

ஏன் விதி என்பதற்கு முதியோர் இல்லங்களுக்கான மத்திய விதியை எடுத்துப் பார்க்கலாம். மெடிகேர் பணம் பெறும் ஒவ்வொரு முதியோர் பராமரிப்பு இல்லமும் அங்கே வசிப்பவர்களுக்கு ஒரு நடவடிக்கைத் திட்டம், அதாவது பாட்டு, விளையாட்டு, கைவேலை போன்றவற்றுக்கான ஏற்பாடு, வைத்திருக்க வேண்டும். அதைத் தகுதியுள்ள ஒருவர் நடத்த வேண்டும். யார் தகுதியுள்ளவர்? விதி பல வழிகளைத் திறந்துவைக்கிறது. அங்கீகாரமுள்ள அமைப்பிடம் பொழுதுபோக்குச் சிகிச்சை நிபுணராகவோ நடவடிக்கை அலுவலராகவோ சான்றிதழ் பெறத் தகுதியானவர். இல்லாவிட்டால், கடந்த ஐந்து ஆண்டுகளில் சமூக அல்லது பொழுதுபோக்குத் திட்டத்தில் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர், அதில் ஓர் ஆண்டு சிகிச்சை நடவடிக்கைத் திட்டத்தில் முழுநேரமாக. அதுவும் இல்லையா, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அல்லது அவருடைய உதவியாளர். கடைசியாக, மாநிலம் ஒப்புக்கொண்ட பயிற்சி வகுப்பை முடித்தவர்.

நான்கு வருடம் படித்து, 560 மணி நேரம் பயிற்சி எடுத்து, தேசியத் தேர்வு எழுதியவரும், மாநிலப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்தவரும் அந்த விதிக்கு முன் சமம். இல்ல நிர்வாகி யாரை எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை, சம்பளம் குறைவாகக் கேட்பவரைத்தான். விதியில் ஒரு வரி மாறினால் பல வேலைகள் கூடும், ஒரு வரி நழுவினால் குறையும். ஆனால் அந்த வரியை எழுதும் அரசு அலுவலர் முன்னால் இரண்டு சங்கங்கள் இரண்டு கடிதங்களோடு போய் நின்றால் இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவார். பக்கத்தில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. முதியோர் இல்ல நடவடிக்கை அலுவலர்களுக்கு 1982-இலேயே தனிச் சங்கமும் 1986-இல் தனிச் சான்றளிப்புக் கவுன்சிலும் வந்துவிட்டன. மேலே சொன்ன விதியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆக ஒத்துழைப்பு என்பது இரண்டு சங்கங்களோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்துத் தொழில்களோடும் ஒரு கையால் கைகுலுக்கிக்கொண்டே மறு கையால் எல்லைக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக் கல்வியில் கதை கொஞ்சம் நன்றாகவே போயிருக்கிறது, காகிதத்தில் மட்டுமாவது. மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான 1975-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகள் தர வேண்டிய துணைச் சேவைகளில் பொழுதுபோக்கையும் சேர்த்தது. 1990 திருத்தத்தில் சிகிச்சைப் பொழுதுபோக்கு என்பது பெயர் சொல்லியே வந்தது. ஓய்வுநேரத் திறனை மதிப்பிடுதல், சிகிச்சைப் பொழுதுபோக்குச் சேவை, பள்ளியிலும் ஊரிலும் பொழுதுபோக்குத் திட்டங்கள், ஓய்வுநேரக் கல்வி என்று விதிகள் நான்கையும் பட்டியலிடுகின்றன. இந்தப் பட்டியலில் இரு சங்கங்களின் மொழியும் இருப்பதைக் கவனியுங்கள். சட்டம் தத்துவச் சண்டையில் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டையும் எழுதிவைத்துவிட்டது. ஆனால் பேச்சுப் பயிற்சியைக் கேட்கும் அளவுக்குப் பெற்றோர் இதைக் கேட்பதில்லை. சட்டத்தில் இடம் பிடிப்பது ஒரு வேலை, அந்த இடத்தை நிரப்ப ஆளும் தேவையும் உருவாக்குவது வேறு வேலை.

மாநில உரிமம் தனி உலகம். அமெரிக்காவில் ஒரு தொழிலுக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநிலத்தின் அதிகாரம் என்பதால் தேசியச் சங்கம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் களத்தில் ஓட வேண்டியது மாநிலச் சங்கம்தான். யூட்டா 1975-இலேயே சட்டம் கொண்டுவந்துவிட்டது. வட கரோலினா, நியூ ஹாம்ப்ஷயர், ஓக்லஹோமா போன்றவை பின்னால் வந்தன. பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் லைசென்ஸ் கிடையாது. காரணம் எளிய கணக்கு. லைசென்ஸ் வாரியம் ஒன்றை நடத்தும் செலவை உரிமம் பெறுபவர்களின் கட்டணம்தான் தாங்க வேண்டும். ஒரு மாநிலத்தில் சில நூறு பேர்தான் இருந்தால் கட்டணம் எகிறும். "இவர்களுக்கு உரிமம் இல்லாததால் பொதுமக்களுக்கு என்ன ஆபத்து?" என்று சட்டமன்றக் குழு கேட்கும்போது பதில் சொல்லவும் வேண்டும். சீட்டாட்டத்தில் என்ன ஆபத்து என்று சிரிப்பவரிடம், தற்கொலை எண்ணம் உள்ள நோயாளியை வெளியே கூட்டிப்போவதில் உள்ள ஆபத்தை விளக்குவது யார்? தேசியச் சங்கங்கள் தயாரித்துக் கொடுத்த மாதிரி வாசகங்களும் தரநிலைகளும் இங்கேதான் உபயோகப்பட்டன.

இரு சங்கங்களும் இணைவது பற்றிப் பேச்சு அடிக்கடி அடிபட்டது. ஆனால் ஒன்றானது பேச்சுவார்த்தையால் அல்ல. 2010-இல் என்ஆர்பிஏ தன் உள்கட்டமைப்பை மாற்றியபோது கிளைகளைக் கலைத்துவிட்டது. அதோடு என்டிஆர்எஸ் முடிந்தது. நாற்பத்து நான்கு வருடச் சங்கம், எதிரணியோடு உடன்பாட்டுக்கு வந்து கைகுலுக்கி முடியவில்லை, தாய்ச் சங்கத்தின் நிர்வாக முடிவில் முடிந்தது. தேசிய அளவில் மிஞ்சியது ஏடிஆர்ஏ. சிகிச்சைத் தரப்பு வாதத்தில் வென்றதென்று சிலர் சொல்லக்கூடும். அது சரியான கணக்கு அல்ல என்றே நினைக்கிறேன். பூங்காத் துறையில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்பவர்களின் வாதம் தோற்கவில்லை, அவர்களுக்கு இருந்த வீடுதான் போனது.

அப்புறம், சங்கம் ஒன்றானதும் வேறுபாடும் ஒன்றாகிவிட்டதா என்றால் இல்லை, அது பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. படிப்புகளுக்கு அங்கீகாரம் தர இப்போது இரண்டு பாதைகள் உண்டு. பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலாப் படிப்புகளை அங்கீகரிக்கும் கவுன்சில் ஒன்று. அதில் சிகிச்சைப் பொழுதுபோக்கு ஒரு பகுதி. மற்றது, 2010-இல் வந்த குழு. மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களின் படிப்புகளை அங்கீகரிக்கும் பெரிய அமைப்பின் கீழ் அது இயங்குகிறது. ஒரு பல்கலைக்கழகத் துறை எந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே அந்தப் பழைய கேள்விக்கு அதன் பதில் தெரிந்துவிடும். மாணவர் கடைசியில் எழுதுவது மட்டும் அதே என்சிடிஆர்சி தேர்வு.

இப்போதைய கூட்டு வேலை மறுவாழ்வு மருத்துவமனைகளின் மூன்று மணி நேர விதியைச் சுற்றி நடக்கிறது. மெடிகேர் பணம் தர வேண்டுமானால் அங்கே சேரும் நோயாளிக்குப் பொதுவாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் தீவிரச் சிகிச்சை தர வேண்டும். கணக்கில் வருபவை பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு-மொழிச் சிகிச்சை, செயற்கை உறுப்பு மற்றும் தாங்கு கருவிகளுக்கான பயிற்சி. பொழுதுபோக்குச் சிகிச்சை தரலாம், தடையில்லை, ஆனால் மூன்று மணி நேரக் கணக்கில் சேராது. சக்கர நாற்காலிக்குப் புதியவர் ஒருவரைச் சிகிச்சையாளர் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவுப் பாதையில் ஏறி, கதவைத் திறந்து, கூட்டத்தில் திரும்பி, பணம் கொடுத்துவிட்டு வரும் அந்த ஒன்றரை மணி நேரம் நோயாளியின் மூன்று மணிக் கணக்கில் பூஜ்யம். கணக்கில் வராத வேலைக்கு மருத்துவமனை எத்தனை பேரை வைத்துக்கொள்ளும்?

இதை மாற்றி, மருத்துவர் பரிந்துரைத்தால் பொழுதுபோக்குச் சிகிச்சையையும் சுவாசச் சிகிச்சையையும் கணக்கில் சேர்க்கலாம் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்கலாகியிருக்கிறது. இந்த முறை ஏடிஆர்ஏ தனியாகப் போகவில்லை. மறுவாழ்வுத் துறைக் கூட்டணிகளும் நோயாளிகள் தரப்பு அமைப்புகளும் கூடவே நின்றன. 2020-இல் கொரோனா நெருக்கடியின்போது மூன்று மணி நேர விதியையே தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நெருக்கடி ஓய்ந்ததும் விதி திரும்பி வந்தது, நான்கு சிகிச்சைகளின் பட்டியலும் அப்படியே.